முன் சீட்டில் மூன்றாவது ஆள்

பாப்பா,

முப்பது வயதுக்கு மேல் இன்னும் என்ன பாப்பா என்று நீ முறைப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. முறைத்துக்கொள். இதைக் கடிதமாக எழுதுகிறேனே தவிர, ஒட்டி மூடி அனுப்பப் போவதில்லை. உன் அம்மா படிக்கட்டும், மாப்பிள்ளை படிக்கட்டும், உன் மெக்கானிக் கேட்டால் அவருக்கும் கொடு. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை உன்னைக் கூப்பிட்டேன். இரண்டு முறையும் கல்யாண மண்டபத்துச் சமையல்காரரைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். பேச்சில் எனக்கு நழுவத் தெரியும். எழுத உட்கார்ந்தால் அது முடியாது என்று உன் அம்மாதான் நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள். "மூக்குக் கண்ணாடி தேடவே அரை நாளு ஆவுது, இவரு லெட்டரு எழுதி அது எப்ப போயி சேர்றது" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்துகொண்டே இருக்கிறது. கண்டுகொள்ளாமல் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து நீ அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம் பழைய அம்பாசடரின் ஸ்டியரிங் தண்டைச் சுரண்டிக் காட்டியிருந்தாய். இடது பக்கத்தில், ஸ்டியரிங்குக்கு ஒரு சாண் கீழே, ஒரு துளை. அதன்மேல் தகடு வைத்துப் பற்றவைத்து, பட்டி பூசி, பெயிண்ட் அடித்து மறைத்திருந்தது. "அப்பா, இங்க என்ன இருந்துச்சு? தரையில இருக்கற கியர் ஒரிஜினல் இல்லன்னு மெக்கானிக் சொல்றாரு. யாரு மாத்துனது, எதுக்கு மாத்துனது?" என்று கேட்டாய். கூடவே உன் திட்டத்தையும் சொன்னாய். ஐந்து கியர் உள்ள புதுப் பெட்டி, தரையிலிருந்து கட்டையாக ஒரு லீவர், விரலால் தட்டினால் விழுமாம். கல்யாணத்தன்று மண்டபத்துக்கு வண்டியை நீயே ஓட்டிக்கொண்டு வருவாயாம். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் கேட்ட கேள்விக்கு நான் என்ன சொன்னேன்? "மலையில கியரு மாட்டிக்கும்மா, அதான் மாத்துனேன்." நீயும் "சரிப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய்.

அந்தச் சரிப்பாதான் என்னைக் குடைந்தது. நீ ஒரு கேள்வியோடு நிற்கிறவளா? ஆறு வயதில் என் மடியில் உட்கார்ந்து, "ரிவர்ஸ் போட்டா இன்ஜின் பின்பக்கமா சுத்துமாப்பா?" என்றாய். சுத்தாது என்றேன். "அப்ப வண்டி மட்டும் எப்பிடி பின்னாடி போவுது?" என்றாய். அத்தனை வருஷம் வண்டி ஓட்டினவன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நானும் ஒரு நாள்கூட அதை யோசித்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கே தாங்க முடியாத ஆசை வந்துவிட்டது. உன்னைக் கூட்டிக்கொண்டு சின்னசேலம் பட்டறைக்குப் போய், யாரோ ஒருவருடைய வண்டியின் பிரித்துப் போட்ட கியர் பெட்டிக்குள் இரண்டு பேரும் தலையை விட்டுப் பார்த்தோம். ரிவர்ஸ் போட்டால் நடுவில் ஒரு சின்னப் பல்சக்கரம் வந்து நுழைகிறது, அதுதான் சுற்றைத் திருப்பிவிடுகிறது என்று மெக்கானிக் காட்டினார். கை முழுக்கக் கருப்பு எண்ணெயோடு நீ அந்தச் சக்கரத்தை உருட்டி உருட்டிப் பார்த்தாய். அன்றைக்கு நான் ஒரு பயத்தோடு நின்றது உனக்குத் தெரியாது. நம் வண்டியின் கியரை மாற்றிக் கொடுத்ததும் அதே மெக்கானிக்தான். எங்கே அந்தப் பழைய பேச்சை எடுத்துவிடுவாரோ என்று உன்னைச் சீக்கிரமாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தத் துளையில் என்ன இருந்தது என்று கேட்டாய் அல்லவா, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் கை கியர் இருந்தது. ஸ்டியரிங் தண்டின் பக்கவாட்டில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் ஒரு வெள்ளைக் குமிழ். ஸ்டியரிங்கிலிருந்து இடது கையை எடுத்து அதை மேலே கீழே, உள்ளே வெளியே தள்ளினால், தண்டோடு இறங்கும் கம்பிகள் வழியாகச் செய்தி கீழே கியர் பெட்டிக்குப் போகும். தரையில் ஒன்றுமே கிடையாது. முன் சீட்டும் இப்போது மாதிரி தனித்தனி இல்லை, பெஞ்சு மாதிரி ஒரே நீளம். டிரைவர், ஜன்னலோரம் ஒருவர், நடுவில் ஒருவர் என்று மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். டாக்ஸிக்காரனுக்கு அந்த நடு இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்கு நான் ஆள் ஏற்றி டிக்கெட் அடித்துக்கொண்டிருந்த காலம் அது. பஸ் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வரும் என்பது பஸ்ஸுக்கே தெரியாது. அதனால் நம் வண்டியில் எப்போதும் கூட்டம்தான்.

ஆனால் கை கியருக்கு ஒரு வியாதி உண்டு. கீழே கம்பிகள் சேரும் இடத்தில் ஆட்டம் தாங்குகிற ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டால், இரண்டு கியரும் ஒரே நேரத்தில் விழுந்து பூட்டிக்கொள்ளும். வண்டி முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. அதுவும் எங்கே மாட்டும் என்கிறாய், கொண்டையூசி வளைவில்தான் மாட்டும். அப்போது ஒரு ஆள் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். பிறகு பானெட்டைத் திறந்து, தண்டின் அடியில் இருக்கிற இரண்டு இரும்புத் துண்டுகளையும் கையால் தட்டி நேராக்க வேண்டும். நான் கிளட்சை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த வேலையைச் செய்தவர் சடையன். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் சாமையும் தினையும் விதைக்கிற மலைக்காரர். சந்தைக்கு வாரம் ஒரு முறை கடுக்காய், புளி, தேன் என்று ஏதாவது மூட்டையோடு கீழே இறங்குவார். முதல் தடவை வண்டி மாட்டிக்கொண்டபோது தானாகவே இறங்கி வந்து, "உள்ள இன்னா நடக்குது டைவரண்ணே?" என்று கேட்டவர். மூன்றாம் தடவையில் எனக்கே கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து நடு சீட்டு அவருக்கு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை "ஏ சடையா" என்பேன். இப்போது அவர் இவர் என்று மரியாதையாக எழுதுகிறேனே, அன்றைக்கு எனக்கு அவன்தான். மலைக்காரர்களை நம் பக்கத்து ஆட்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். தப்பு என்று தோன்றவே இல்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம். ஒரு வாரம் நம் பக்கத்தில் ரோடே இல்லை. சாலையோரத்து மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். கச்சிராயப்பாளையம் பக்கம் மறியலுக்கு உட்கார்ந்தவர்களில் உன் பெரியப்பாவும் ஒருவர். கேட்டது நியாயம் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். ஏர் பிடித்தவன் பிள்ளை ஆபீஸ் நாற்காலியில் உட்காரக் கூடாதா, எங்களுக்கும் ஒரு பங்கு கொடு என்றார்கள். அதில் என்ன தப்பு? நான் மட்டும் அந்த வாரம் மேலே மாட்டிக்கொண்டேன். டிக்கெட்டை இறக்கிவிட்டுத் திரும்பலாம் என்று பார்த்தால், கீழே இறங்க வழியில்லை என்று நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். வெள்ளிமலை ரோட்டில் வண்டியோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். சடையன் வந்து, "வூட்டுக்கு வா. வண்டிய பலாமரத்தடியில வுடு. வழி எப்ப தொறக்குதோ அப்ப போயிக்கலாம்" என்றார். ஒரு வாரம் பாப்பா. ஏழு நாளும் அவர் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டேன். அவர் பெண்சாதி எனக்கு முதலில் போட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போடும். மழை சாரல் அடித்த இரண்டு நாள் என்னைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு அவர்கள் தரையில் படுத்தார்கள்.

சும்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? மூன்றாம் நாள் இரண்டு பேரும் அந்தக் கியர் கம்பிகளைப் பிரித்துவிட்டோம். ஒரு மணி நேரத்தில் மூடிவிடலாம் என்று ஆரம்பித்த வேலை, இரண்டு நாள் ஆனது. மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு துண்டையும் சாக்கின்மேல் வரிசையாக வைத்தோம். சடையன் ஒவ்வொன்றையும் எடுத்து, இது எதைத் தள்ளுகிறது, அது எதை இழுக்கிறது என்று கேட்டார். எனக்கு முக்கால்வாசி தெரியவில்லை. தெரியாததை இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்தது கம்மி. கடைசியில் தேய்ந்த புஷ் கைக்கு வந்தது, பிய்ந்துபோய் வளையம் மாதிரி கிடந்தது. மலையில் அதற்கு எங்கே போவது? அவர் தன் டயர் செருப்பைக் கழற்றி, குதிகால் பக்கத்தை வெட்டுக்கத்தியால் அறுத்து, நடுவில் ஓட்டை போட்டு, செதுக்கிச் செதுக்கி உள்ளே பொருத்தினார். "செருப்பு போச்சே சடையா" என்றேன். "போனா போவுது. செருப்பு மாட்டிக்கினா நானு மலை ஏற்றேன்? சந்தைக்குத்தான்" என்றார். வழி திறந்ததும் கீழே இறங்கினேன். அத்தனை வளைவிலும் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஒரு தடவைகூட மாட்டவில்லை.

இதுவரைக்கும் சொன்னதில் எனக்கு வெட்கம் இல்லை. இனிமேல் சொல்வதில்தான். கீழே வந்தபோது ஊர் வேறு மாதிரி இருந்தது. அந்த வருஷம் எல்லாரும் எல்லாரையும், இவன் யார், இவனுக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்கப் பழகியிருந்தோம். வண்டிக்குள்ளும் அதே பேச்சு. புளி வாங்க மலைக்கு வந்துபோகும் மண்டிக்காரர் ஒருவர் என் பழைய கிராக்கி, ஜன்னலோரம் அவருக்குத்தான். அவர் முதல் நாளே கேட்டார், "ஒரு வாரம் எங்கய்யா சாப்ட்ட?" நான் யோசிக்கவே இல்லை. "கடையிலதாங்க" என்றேன். அங்கே ஏது கடை? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த சந்தை நாளில் சடையன் வழக்கம்போல் நடுவில் வந்து உட்கார்ந்தார். மண்டிக்காரர் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கினதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னாய்யா இது, தோளோட தோளு இடிச்சிக்கினு. அவங்களுக்கு சர்க்காருல தனியா பங்கு இருக்குது. நம்ம பசங்க ரோட்டுல கெடந்து அடி வாங்கறானுங்க. இதுல முன் சீட்டும் அவங்களுக்கேவா? சொல்லி வையி" என்றார். அவர் ஒருவர்தான் வாய் விட்டுச் சொன்னார். மற்றவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. உன் பெரியப்பாகூட ஒரு மாதிரி பார்த்தார்.

சொல்லி வைக்க எனக்கு வாய் வரவில்லை. அவர் வீட்டுச் சோறு வயிற்றில் கிடக்கும்போது, பின்னால் போ என்று எந்த வாயால் சொல்வது? மண்டிக்காரரிடம், முடியாது, இஷ்டமிருந்தால் ஏறு என்று சொல்லவும் தைரியம் இல்லை. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. சின்னசேலம் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய், கை கியரை எடுத்துவிட்டுத் தரை கியர் போடச் சொன்னேன். மெக்கானிக் கம்பிகளைப் பிரித்தார். செருப்பு ரப்பரை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது யாரு போட்டது? சூப்பரா இருக்குதே. இன்னும் பத்து வருசம் ஓடும், எதுக்கு மாத்தற?" என்றார். "மலையில மாட்டிக்குது" என்றேன். "மாட்டாதுய்யா. அதும் இல்லாம, தரையில லீவரு வந்தா நடுவுல ஆளு உக்கார முடியாது. ஒரு டிக்கெட்டு போயிடும். எந்த டாக்ஸிக்காரனாவது சீட்ட வுடுவானா?" என்று சிரித்தார். "போனா போவுது, போடு" என்றேன். தரையில் ஓட்டை வெட்டினார்கள். பெஞ்சு சீட்டை நடுவில் அறுத்து இரண்டாக்கினார்கள். ஸ்டியரிங் தண்டில் இருந்த துளையைத் தகடு வைத்து அடைத்து, பட்டி பூசினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த சந்தை நாள் வெள்ளிமலையில் சடையன் மூட்டையை மேலே கட்டிவிட்டு வந்து முன் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "கியர மாத்திட்டேன் சடையா. பின்னால ஏறிக்க" என்றேன். அவர் குனிந்து அந்த லீவரைப் பார்த்தார். குமிழைத் தொட்டுப் பார்த்தார். "இதுல மொத கியரு எங்க? ரெண்டாவது எங்க?" என்று கேட்டார், உண்மையாகவே ஆசையாகத்தான் கேட்டார். நான் காட்டினேன். பிறகு நிமிர்ந்து, "திரும்பவும் மாட்டிக்கிச்சா டைவரண்ணே?" என்றார். அந்த ரப்பரைச் செதுக்கி வைத்தவரிடமே நான், "ஆமா, மாட்டிக்கிச்சு" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் பின்னால் போய் ஏறினார். காலில் செருப்பு இல்லை. மண்டிக்காரர் ஜன்னலோரத்தில் ஜாலியாகக் காலை நீட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் சடையன் வரவில்லை. அதற்கடுத்த வாரம் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து இறங்குவதைப் பார்த்தேன். ஹார்ன் அடித்தேன். ஓரமாக ஒதுங்கி எனக்கு வழி விட்டார். அதற்கப்புறம் நம் வண்டியில் அவர் ஏறவே இல்லை.

கல்யாணமான புதிதில் உன் அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, "இது இன்னா நடுவுல கம்பு நட்டு வெச்சிருக்கறீங்க" என்று கேட்டாள். அவளுக்கும் மலையில் மாட்டிக்கொண்ட கதையைத்தான் சொன்னேன். நீ கேட்டபோதும் அதே கதை வாயில் தயாராக இருந்தது. நீ குடும்பம் நடத்தப் போகிறவள், அதனால் இதை மட்டும் அப்பனாகச் சொல்கிறேன். முழுப் பொய்யை யாராவது பிடித்துவிடுவார்கள். பாதி உண்மை கலந்த பொய்யைப் பிடிக்க முடியாது. கை கியர் மாட்டும் என்பது உண்மைதானே, எந்த டிரைவரைக் கேட்டாலும் ஆமாம் என்பான். அதனால்தான் அது இத்தனை வருஷம் ஓடியது. மாப்பிள்ளையிடம் ஒரு காரணம் சொல்லும்போது அது ரொம்பக் கச்சிதமாக வாயில் வந்து விழுந்தால், கொஞ்சம் நின்று, இது நிஜமாகவே அதுதானா என்று உன்னையே ஒரு தடவை கேட்டுக்கொள். அவர் உன்னிடம் அப்படிச் சொன்னாலும் இன்னொரு தடவை கேள். ஒரு கேள்வியோடு நிற்காதே. நின்றால் என்னைப் போன்றவர்களுக்கு ரொம்ப வசதியாகப் போய்விடுகிறது.

உன் படங்களைப் பார்த்த பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அன்றைக்கு அவருக்குத் தெரியுமா, தெரியாதா? நம்பிவிட்டாரா, அல்லது புரிந்துகொண்டுதான் இறங்கிப் போனாரா? இத்தனை வருஷமாகக் கேட்கப் பயந்த கேள்வி, இப்போது பயத்தைவிட ஆசை ஜாஸ்தியாகிவிட்டது. வியாழக்கிழமை காலையில் உன் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ் ஏறினேன். இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாமல்தான் போனேன். இருந்தார். எண்பதைத் தொடுவார். கண் மங்கல், முட்டி மடங்கவில்லை, மற்றபடி ஆள் கெட்டி. என் குரலைக் கேட்டதும், "ஆரு, டைவரண்ணனா? வண்டிய எங்க வுட்டுட்டு வந்த?" என்றார். அவ்வளவுதான், நேற்று பிரிந்த மாதிரி. அவர் மருமகள் டீ கொடுத்தது. வண்டி ஓசூரில் இருக்கிறது, மகள் பிரித்துப் போட்டுப் புதுசாக்குகிறாள் என்றேன். உடனே கேள்வி ஆரம்பித்துவிட்டது. "பொண்ணா? தானே பிரிக்குதா?" ஐந்து கியர் போடப் போகிறாள் என்றேன். "அஞ்சாவது எதுக்கு?" என்றார். பெரிய ரோட்டில் வேகமாகப் போகும்போது இன்ஜினுக்கு வேலை கம்மியாகும் என்றேன். "அது எப்பிடி, வேகம் ஜாஸ்தி ஆனா வேல ஜாஸ்திதான ஆவணும்?" என்று பிடித்துக்கொண்டார். உன்னை மாதிரியே.

டீ ஆறியது. "சடையண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்றேன். அவரை நான் அண்ணே என்றது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தைத் திருப்பி என் பக்கம் காதை வைத்தார். "அன்னிக்கு கியரு மாட்டிக்கல" என்றேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார். "தெரியும். என் செருப்பு ரப்பரு. அது மாட்டுமா?" என்றார். "தெரிஞ்சிருந்தா ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே" என்றேன். "கேட்டனே. திரும்பவும் மாட்டிக்கிச்சான்னு கேட்டேன். நீ ஆமான்ன. அதுக்கு மேல இன்னாத்த கேக்கறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை பாப்பா. மழை பெய்தது, நின்றது என்கிற மாதிரி சொன்னார். நான் அழுதுவிட்டேன். எழுபதை எட்டப் போகிற மனுஷன், அந்த மருமகள் பார்க்க, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். தப்பு பண்ணிட்டேன் என்று சொன்னேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததே பேராசைதான்.

பத்திரிகையைக் கையில் கொடுத்து, கல்யாணத்துக்கு வர வேண்டும் என்றேன். அதைத் தடவிப் பார்த்தார். பொண்ணு பேர் என்ன என்று கேட்டார். அப்புறம், "கண்ணாலத்துக்கு வரேன். பஸ்ஸுல காலு மடங்காது, வண்டி அனுப்பு" என்றார். நிச்சயமாக அனுப்புகிறேன் என்று எழுந்தேன். சாமைக் கொல்லை வரைக்கும் வந்துவிட்டேன். "டைவரண்ணே" என்று கூப்பிட்டார். "பின்னால ஏற மாட்டேன். முன்னால, நடுவுல. கீழ போயி சேர்ற வரைக்கும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வேடிக்கைக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதனால் கேட்கிறேன். தரையில் லீவர் இருந்தால் நடுவில் அவர் உட்கார முடியாது, அந்த முட்டிக்கு ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் என்று போட முடியாது. கை கியரைத் திரும்பப் போட்டு, முன் சீட்டையும் பழையபடி ஒரே பெஞ்சாக்க முடியுமா? நீ ஆசைப்பட்டது வேறு என்று தெரியும். உன் திட்டம்தான் நல்ல திட்டம், ஓட்டுவதற்கு அதுதான் சுகம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு இன்னொரு யோசனையும் ஓடுகிறது. சில பழைய வேன்களில் ஸ்டியரிங் பக்கத்திலேயே ஐந்து கியரும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன், கம்பிக்குப் பதில் கேபிள் போட்டிருப்பார்கள். உன் ஐந்து கியர் பெட்டியையே வைத்துக்கொண்டு, கேபிள் இழுத்து மேலே கொண்டுவர முடியாதா? முடியும் என்றால் அது எப்படி வேலை செய்கிறது என்று எனக்குப் படம் அனுப்பு, சடையனுக்கும் சொல்ல வேண்டும், கேட்பார். பழைய கம்பியையும் வெள்ளைக் குமிழையும் நான் தூக்கிப் போடவில்லை. பரணில் சாக்கில் சுற்றி வைத்திருந்தேன். நாளைக்கு ஓசூர் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். அதில் ஒரு கறுப்பு ரப்பர் துண்டு இருக்கும். பிசிறு என்று நினைத்து எறிந்துவிடாதே.

இன்னும் நாள் கம்மி, வேலை ஜாஸ்தி. வண்டி உன்னுடையது, முடிவும் உன்னுடையது. முடியாது என்றால் முடியாது என்று சொல், நான் மேலே போய் என் வாயால் அவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன். இந்தத் தடவை மாட்டிக்கொண்டது என்று சொல்ல மாட்டேன். முடியும் என்றால், கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வெள்ளிமலைக்கு நீ ஓட்டு, நானும் மாப்பிள்ளையும் வருகிறோம். அவர் வந்து முன் கதவைத் திறக்கும்போது, "ஏறுங்க பெரியப்பா" என்று நீ சொல்ல வேண்டும். அவர் நடுவில், மாப்பிள்ளை ஜன்னலோரம். நான் பின்னால் ஏறிக்கொள்கிறேன்.

அப்பா